பழங்குடி என்னும் சொல்லும் சாமியர் கலைக் கண்காட்சியும்

வெனிசு நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் ஒரே கூடத்தைப் பகிர்ந்து ஆண்டு வந்துள்ளன. சுவெரே பென் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து 1962 ஆம் ஆண்டில் எழுந்த கூடம் அது. 2022 ஆம் ஆண்டில் நிகழ்ந்த 59 ஆவது கண்காட்சியில் அக்கூடம் மூன்று நாடுகளின் பெயரையும் களைந்து 'சாமியர் கூடம்' என்னும் பெயரைப் பூண்டது. பவுலீனா பெதரோவ், மாரெட் ஆன்னே சாரா, ஆண்டர்சு சுன்னா என்னும் சாமியக் கலைஞர் மூவரும் அங்குத் தம் படைப்புக்களை வைத்தனர். மூன்று அரசுகள் தம் எல்லைக்கோடுகளால் பகுத்துக்கொண்ட ஒரு மக்கள், அவ்வரசுகளுக்கு உரிய கூடத்திலேயே எல்லையற்ற தம் நாட்டின் பெயரை எழுதிய நிகழ்ச்சி அது. கலையுலகு அதனைப் பெரிதும் பேசிற்று. தமிழாய்வுலகு அதனைப் பேச வேண்டிய கடப்பாடு யாது என வினவுவார்க்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயர் பற்றி ஒரு சொல். நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசிய நாட்டுக் கோலா மூவலந்தீவு ஆகிய நான்கிலும் பரவி வாழும் இம்மக்களை நம் பழைய நிலநூற் பாடப்புத்தகங்கள் 'லாப்பியர்' என்றன. அது பிறர் இட்ட பெயர், அவர்கள் வெறுப்பது. அவர்கள் தம்மைச் 'சாமி' என்பர். தம் நாட்டைச் 'சாப்மி' என்பர். 'சாமி' என்று தமிழில் எழுதினால் நம்மவர் கைகூப்புவர். ஆதலின் 'சாமியர்' என ஆள்வோம். மெய்ப்புத் திருத்துவோர் அதனைச் 'சாமியார்' ஆக்காதிருப்பாராக.

வெனிசுக் கூடத்தை நாம் நேரிற் கண்டிலேம். பட்டியல் நூலையும் ஒளிப்படங்களையும் கொண்டே எழுதுகின்றோம். ஆயினும் ஒன்று துணிந்து கூறலாம். மூவர் படைப்பினும் அழகு முதலில் வரவில்லை. வழக்கே முதலில் வந்தது. சுன்னாவின் ஓவியங்கள் பனிமான் மேய்க்கும் உரிமைக்காக அவர்தம் குடும்பம் சுவீடன் அரசோடு தலைமுறைக் கணக்காக நடத்திய போராட்டத்தைச் சொல்வன. பெதரோவ் தம் மக்களின் பழங்காடுகள் வெட்டப்படாமற் காத்தற்பொருட்டு, அந்நிலத்தைக் காணும் உரிமையையே கலைப்பொருளாக்கி விற்க முன்வந்தார். சாராவின் செய்தி இன்னும் கூர்மையானது. அவர்தம் தம்பி தம் மந்தையை 75 மான்களாகக் குறைத்தல் வேண்டும் என்று நார்வே அரசு ஆணையிட, வழக்கு மேன்முறையீடுகளைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 2017 ஆம் ஆண்டு திசம்பரில் தோற்றது. அதே திசம்பரில் ஆசுலோ நகரின் நாடாளுமன்றத்துக்கு எதிரே, நெற்றியிற் குண்டு துளைத்த 400 மான் மண்டையோடுகளைத் திரையாகத் தொங்கவிட்டார் சாரா. அத்திரை இன்று நார்வேயின் தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. 2022 இல் திறக்கப்பெற்ற அதன் புதிய மாளிகையின் நுழைவிடத்திலேயே அது வைக்கப்பட்டது. வழக்கில் வென்ற அரசின் அருங்காட்சியகமே தோற்றவர் படைப்பை வாங்கித் தலைவாயிலில் தூக்கியது என்க. இதனை அரசின் பெருந்தன்மை என்பார் உளர். மண்டையோட்டை வாங்குதல் மந்தையைத் திருப்பித் தருதலினும் எளிது என்பதே நம் கருத்து.

இம்மூவரினும் மூத்தவராகிய பிரித்தா மராகாட் லப்பா என்னும் அம்மையாரின் படைப்பே நம்மை நீண்டநேரம் நிறுத்துவது. 1951 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் ஊசியும் நூலும் கொண்டு வரைபவர். 'ஹிஸ்டோர்யா' என்னும் இவர்தம் பூத்தையல் ஏறத்தாழ 24 மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குக் குறைந்த உயரமும் உடையது. 2003 ஆம் ஆண்டிலிருந்து 2007 ஆம் ஆண்டு வரை துரோம்சே பல்கலைக்கழகத்துக்காக இதனைத் தைத்தார். 2017 ஆம் ஆண்டில் இது செருமனியின் காசல் நகரில் நிகழ்ந்த 'தாக்குமெண்டா' கண்காட்சிக்குச் சென்றது. வெண்டுகிலே பனிவெளி. அதன்மேல் சிறு சிறு மாந்தர், சறுக்குவண்டிகள், மான்கள், கூடாரங்கள், தேவமகளிர் ஆகியோர் நகர்கின்றனர். 1852 ஆம் ஆண்டில் கௌதோகெய்னோ என்னும் ஊரில் சாமியர் செய்த கிளர்ச்சியும் அதனுள் வருகின்றது. பேரரசர் எவரும் நடுவில் நிற்கவில்லை. எவ்வுருவும் மற்றதனிற் பெரிதன்று. வரலாறு என்று பெயரிட்டு அதனுள் தலைவனை வையாமை எளிய செயல் அன்று. நம் மெய்க்கீர்த்திகளைப் பயின்றார்க்கு அதன் அருமை விளங்கும்.

1981 ஆம் ஆண்டில் அவர் தைத்த காக்கைப் படம் ஒன்றும் உண்டு. வானத்திலிருந்து காக்கைகள் இறங்குகின்றன. தரையைத் தொடும்போது அவை காவலர் ஆகின்றன. அல்தா ஆற்றில் மின்னாக்க அணை கட்டுதலை எதிர்த்துச் சாமியர் மறியல் செய்த காலத்து எழுந்த படம் அது. உவமை என்று இதனைச் சொல்லுதல் போதாது. உவமேயம் நம் கண்முன்னே உவமையினின்றும் வெளிப்படுகின்றது. தையல் என்னும் சொல் ஊசித்தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும் மொழி நம்முடையது. அவ்வாறிருந்தும் தையலைக் கலை வரலாற்றில் ஓர் இயலாக எழுதிய தமிழ் நூலை நாம் கண்டிலேம். நீலமலையில் தோடர் மகளிர் வெண்பருத்தித் துகிலிற் சிவப்பும் கறுப்புமாக இழைக்கும் பூவேலை 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. சந்தை அதற்குப் பெயர் தந்தது. நம் துறைகள் இன்னும் தந்தில.

இனிச் சொல்லாட்சிக்கு வருவோம். சாமிய மொழியில் கைத்தொழிலைக் குறிக்கும் 'துவொச்சி' என்னும் பழஞ்சொல் உண்டு. கத்தி, கிண்ணம், இடைவார், ஆடை ஆகியவற்றைப் பயன்பாடும் அழகும் பிரியாமற் செய்தலை அது குறிக்கும். கலை என்று தனியே பிரித்துச் சொல்லும் 'தாய்தா' என்னும் சொல்லோ பின்லாந்து மொழிச் சொல்லையொட்டி அண்மைக் காலத்தில் ஆக்கிக்கொள்ளப்பட்டது. இதனைச் சிலர் குறையாகக் கருதுவர். தமிழிலும் கலை என்பது முன்னர் விலங்கின் ஆணையும் பின்னர்க் கல்வித் துறைகளையும் குறித்து, நெடுங்காலம் கழித்தே இன்றைய பொருளை எய்தியது. ஓவியத்தை நம் முன்னோர் 'எழுதினர்', கண்ணையும் எழுதினர், தொய்யிலையும் எழுதினர். கோத்தகிரிப் பகுதியில் குறும்பர் வாழும் காட்டகத்தே பழைய பாறை ஓவியம் உள்ள இடத்திற்கு 'எழுத்துப்பாறை' என்றே பெயர். எழுத்தறியாதார் என்று ஏட்டிற் குறிக்கப்பெற்ற மக்கள் ஓவியத்தை எழுத்து என வழங்க, எழுத்தறிந்த நாம் அப்பொருளை மறந்தோம்.

'இண்டிசீனசு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நாம் ஆளும் 'பழங்குடி' என்பதே இவ்வாய்வின் முட்டுப்பாடு. திருக்குறளின் குடிமை அதிகாரத்தில் இச்சொல் வருகின்றது. ஆண்டு அது வறுமையுற்ற காலத்தும் பண்பிற் குன்றாத உயர்குடியைக் குறிக்கின்றது. பழைமை ஆண்டுப் பெருமை. இருபதாம் நூற்றாண்டில் அரசின் பட்டியலுக்குச் சொல் தேடியபோது அதே சொல் எடுத்துக்கொள்ளப்பட்டது. பழைமை இங்குப் பின்னடைவாயிற்று. எழுத்து ஒன்றும் மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. 'பழங்குடிச் சமகாலக் கலை' என்று நாம் எழுதும்போது அத்தொடர் தன்னையே மறுத்துக்கொள்வது போல ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. பழையவர் எங்ஙனம் சமகாலத்தவர் ஆவர் என்று மாணவர் வினவுகின்றனர். பிழை மாணவர் மேலதன்று.

இச்சொற்பொருள் மாற்றத்தின் பின்னே அருங்காட்சியகம் நிற்கின்றது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்சுடன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909 ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1922 ஆம் ஆண்டில் இனவுயிரியல் நிறுவனம் ஒன்றை அரசே தோற்றுவித்தது. அங்கிருந்து சென்றோர் சாமியரின் தலையை அளந்தனர். அளக்கப்பட்டோர் வழியில் வந்த கத்தரீனா பிராக் சிக்கு என்னும் கலைஞர் அவ்வளவைக் குறிப்புக்களையும் படங்களையும் தேடிக் கண்டு, 2014 ஆம் ஆண்டில் ஊமியோ நகரில் ஒரு கண்காட்சியாக வைத்தார். அளவைக் கருவியைத் திருப்பிப் பிடித்த செயல் அது. தர்சுடனின் தொகுதிகளை நாம் இன்றும் மேற்கோளுக்கே எடுக்கின்றோம்.

இந்திய நிலத்தில் இம்முட்டுப்பாட்டை அறுக்க முற்பட்டவர் ஒரு தமிழ்க் குடும்பத்தார் என்பது நம்மவர் பலரும் நினையாதது. சிம்லாவில் 1928 ஆம் ஆண்டிற் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், போபாலில் 1982 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாரத பவனின் கலைக்கூடத்தை அமைத்தார். நகர ஓவியரின் படைப்புக்களையும் ஆதிவாசி ஓவியரின் படைப்புக்களையும் ஒரே கூரையின்கீழ் ஒத்த மதிப்புடன் வைத்தார். ஒரே காலத்தில் வாழ்ந்து வரைவோர் அனைவரும் சமகாலத்தவரே என்பது அவர் கொள்கை. அவர் அனுப்பிய குழுவினர் பாட்டன்கட் என்னும் கோண்டு ஊரிற் சுவரோவியம் ஒன்றைக் கண்டு, அதனை எழுதிய இளைஞரைத் தேடிக் கொணர்ந்தனர். அவரே ஜன்கட் சிங் சியாம். 1989 ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த 'நிலவுலகின் மந்திரவாதிகள்' என்னும் பெருங்கண்காட்சியில் அவரும் வார்லி ஓவியர் ஜீவ்யா சோமா மாசேயும் இடம்பெற்றனர். நூற்றுக்கு மேற்பட்ட கலைஞரை உலகெங்குமிருந்து சமமாக அழைத்த அக்கண்காட்சி அவர்களை ஏன் கலைஞர் என்னாது மந்திரவாதிகள் என்றது? சமன்மை கூறப் புகுந்தவிடத்தும் சொல் வழுக்கியது.

ஜன்கட் 2001 ஆம் ஆண்டில், ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த காலத்துத் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் 1988 ஆம் ஆண்டில் எழுதிய சிலந்தி ஓவியம் ஒன்று 2010 ஆம் ஆண்டில் நியூயார்க்கு ஏலத்தில் 31,250 டாலருக்கு விலைபோயிற்று. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைப்பதன்றி வேறொன்றும் நாம் சொல்லப் போவதில்லை. அவர்தம் உறவினர் வெங்கட் ராமன் சிங் சியாம் 2013 ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவாவில் நிகழ்ந்த 'சகஹான்' கண்காட்சியிற் பங்கு கொண்டார். 16 நாடுகளின் தொல்குடிக் கலைஞர் எண்பதின்மருக்கு மேற்பட்டார் அங்குக் கூடினர். சாமியரும் அவருள் இருந்தனர். கோண்டுக் கோடும் சாமியப் பனியும் ஒரு வளாகத்தில் நின்றமை இதனாற் பெறப்படும்.

மற்றோர் உறவினராகிய பஜ்ஜு சியாம் இலண்டன் உணவகம் ஒன்றின் சுவரில் எழுதச் சென்று மீண்டபின் ஆக்கிய நூலைச் சென்னைத் தாரா பதிப்பகம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் இலண்டன் மணிக்கூண்டு சேவலாகின்றது. நிலத்தடி இரயில் மண்புழுவாகின்றது. இரவிற் கூடும் ஆங்கிலேயர் வௌவால்களாகின்றனர். பெயர்ந்து செல்லும் கண்காட்சி என்பதற்கு நாம் அறிந்த நல்ல எடுத்துக்காட்டு இந்நூலே. ஏனெனில் இங்குப் பெயர்ந்து சென்றது பொருளன்று, கண்.

பொருள் மட்டும் பெயர்ந்து சென்ற வரலாறு தாமிரவருணிக் கரையில் உண்டு. சென்ற ஆண்டு முதுகலை மாணவர் சிலரோடு ஆற்றின் வழியே கழிமுகம் வரை சென்றிருந்தோம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பைச் செருமானியராகிய யாகோர் 1876 ஆம் ஆண்டில் அகழ்ந்தார். அவர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அலெக்சாண்டர் ரீ 1899 ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து கண்ட பொற்பட்டங்களும் வெண்கல விலங்குகளும் சென்னை சேர்ந்தன. 2023 ஆம் ஆண்டில்தான் அவ்விடத்திலேயே ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பெற்றது. ஆற்றின் முடிவிலுள்ள புன்னக்காயலிலோ பெயர்ந்தது வேறு. அண்டிரிக் அடிகளார் என நாம் வழங்கும் என்றீக்கு என்றீக்கசு அக்கடற்கரையில் நெடுங்காலம் பணிசெய்து, பரவர் வழக்கைக் கேட்டுக் கற்றுத் தமிழ் இலக்கணம் வரைந்து, 1600 ஆம் ஆண்டில் மறைந்தார். 1586 ஆம் ஆண்டில் அச்சேறிய அவரது 'அடியார் வரலாறு' புன்னக்காயலில் அச்சிடப்பெற்றது என்பது பலர் கொள்கை. அந்நூலின் படியைக் காண விழைவார் இன்று வத்திக்கான் நூலகத்துக்குச் செல்லல் வேண்டும்; ஊரில் உள்ளது நினைவே.

இந்நிலையிற் சாமியர் வரலாறு நமக்கு அணித்தே வருகின்றது. அவர் மொழியில் முதல் அச்சு நூல்களும் சமயப் பணிக்காகவே 1619 ஆம் ஆண்டில் எழுந்தன. அதே சமயப் பணி அவர்தம் பறைகளைப் பறித்தது. ஆண்டர்சு பௌல்சன் என்னும் முதியவரின் பறை 1691 ஆம் ஆண்டிற் பறிக்கப்பட்டது. பறையில் எழுதிய உருவங்களுக்கு விளக்கம் கேட்டு அவரை வழக்கு மன்றில் நிறுத்தினர். தீர்ப்பு வருமுன் அவர் காவலிலேயே கொல்லப்பட்டார். அவர் சொன்ன விளக்கம் எழுதி வைக்கப்பட்டது. ஓர் ஓவியத்துக்கு அதனை ஆண்டவர் வாய்மொழியாகவே கிடைத்த உரை, குற்றவாளிக் கூண்டிலிருந்து கிடைத்தது எனின் உரையாசிரியர் மரபிற் பயின்ற நாம் என் சொல்வது! தென்மார்க்குக்குச் சென்ற அப்பறை 1979 முதல் காரசோக் ஊர்ச் சாமியர் அருங்காட்சியகத்தில் இரவற் பொருளாக இருந்து, 2022 ஆம் ஆண்டிலேயே உரிமையோடு மீண்டது. வெனிசில் சாமியர் கூடம் திறந்ததும் அவ்வாண்டே.

சாமியர் கலையைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவார் திணைக் கோட்பாட்டை முன்னிறுத்த விழைவர். நாமும் இக்கட்டுரையின் முதல் வரைவில் அதுவே செய்து, பின்னர் நீக்கினோம். புன்னக்காயலின் பெயரிலேயே நெய்தல் மரம் நிற்கின்றது. நற்றிணைப் பாட்டொன்றிற் புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதும் பெண்ணும் வருகின்றாள். மரத்தை உறவாகக் கொள்ளும் பெதரோவோடு அவளை ஒப்பிடுதல் இனிது. ஆயினும் அப்பரதவர் மகள் புலவர் படைத்த மாந்தர். பகற்குறியை மறுத்தற்கு அவர் அவளுக்குத் தந்த நாவன்மை அது. சாமியர் கூடத்தின் கொள்கையோ, எம்மைப் பிறர் பேசிக் காட்டியது போதும் என்பது. நெய்தற்பாட்டை அதற்குச் சான்றாகக் கொணர்தல், வழக்கின் எதிர்த்தரப்புச் சான்றை நம் தரப்புக்கு அழைத்தலாகும். கடற்கரை தன்னைத் தானே எழுதிய காலம் மிகப் பிந்தியது. உவரியிற் பிறந்த ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தது 2004 ஆம் ஆண்டில் அன்றோ?

ஆயினும் தொகைநூல் தொகுத்தோரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பாடினார் பெயர் தெரியாதவிடத்து அப்பாட்டின் தொடரையே எடுத்துப் பெயராக இட்டனர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு பிறந்தவர். அருங்காட்சியகச் சிட்டை அத்தகையவரை 'பெயர் அறியப்படாதவர்' என்று முடித்துவிடும். நம் நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளோ பெயர் தெரிந்தவரையே பின்னிணைப்பிற் 'தகவலாளர்' என்று எண் இட்டு நிறுத்துகின்றன. நூறு ஒப்பாரி பாடிய மூதாட்டி 14 ஆம் தகவலாளர். அவற்றை ஒலிப்பதிவு செய்த மாணவர் முனைவர். இவ்வழக்கத்தை நம் துறைகளில் நாமும் ஒப்பமிட்டு வளர்த்துள்ளோம். பாடினோர் பெயரை ஆய்வேட்டின் முகப்பில் இட வேண்டும் என்று மாணவி ஒருவர் வேண்டியபோது, மரபன்று என விடையிறுத்தோம். எம்மரபு என்று அவர் வினவவில்லை. வினவியிருந்தால் விடை இல்லை.

சாமியக் கவிஞரும் ஓவியருமான நில்சு அசுலாக் வல்கியபா 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஞாயிறு என் தந்தை' என்னும் நூலுக்கு 1991 ஆம் ஆண்டில் வடநாட்டு மன்ற இலக்கியப் பரிசு கிடைத்தது. பிற நாட்டு நூலகங்களில் அடைந்து கிடந்த தம் மக்களின் பழைய ஒளிப்படங்களைத் தேடித் தொகுத்து அவர் அந்நூலிற் சேர்த்தார். மொழிபெயர்ப்புக்களில் அப்படங்கள் இடம்பெறலாகாது என்றும் விதித்தார். அந்நூலில் ஒரு பகுதி முழுதும் மான்களின் பெயர்கள். நிறத்தாலும் கொம்பாலும் நடையாலும் வேறுபடும் பெயர்கள் பக்கங்களில் மந்தைபோற் சிதறி நகர்வன. அதனை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

புன்னக்காயலிற் படகு வலித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மாணவர் காற்றின் பெயர்களைக் கேட்டனர். அவர் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்றார். நம் நிகண்டு வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்னும் நான்கிற்கும் வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று பெயர் கூறும். முதல் இரண்டும் புலவர்க்கும் மீனவர்க்கும் பொது. ஏனைய இரண்டும் பிரிந்துவிட்டன. தென்றல் என்றால் என்ன என்று மாணவர் ஒருவர் மேலும் கேட்டார். அது பாட்டில் வருவது தம்பி, என்று கூறி முதியவர் கயிற்றை இழுத்தார். வல்கியபாவின் அப்பகுதியை என்றேனும் தமிழிற் கொணர்வார், மான்களின் பெயர்களை அவ்வாறே விடுவரோ, தமிழிற் பெயரிட முயல்வரோ, அறியோம். காற்றின் பெயர்களைப் பொறுத்தமட்டில் எம் மாணவர் தம் குறிப்பேட்டில் நான்கினையும் எழுதி, எதிரே முதியவர் பெயரையும் எழுதிக்கொண்டனர்.